எட்டாயிரம் வெள்ளி டிரம்ஸ்: ஒரு விளக்கம், ஒரு மன்னிப்பு



மூன்று வாரமாக நம்ம ஆலய வாட்சாப் குழுக்களில் ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. "கோயில் ஸ்டோர்ல எட்டாயிரம் வெள்ளி ஜப்பான் டிரம்ஸ் இருக்கு, கும்பாபிஷேக நிதிக்கு உபயமா வந்திருக்கு"ன்னு. போன வெள்ளிக்கிழமை அன்னதான வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "எட்டாயிரம் வந்திருச்சே, இன்னும் ஏன் உண்டியல் கேக்குறீங்க?"ன்னு நேராகவே கேட்டுட்டார். அதனால் தொண்டூழியர்களாகிய நாங்கள் நடந்ததை எழுத வேண்டியதாப் போச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

முதலில் ஒன்று. அந்த எட்டாயிரத்தைக் கிளப்பி விட்டது வேற யாரும் இல்லை, நாங்கதான்.

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களில் 70களில் திருவிழா பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தீமிதி முடிந்த ராத்திரி, பலகை மேடை, பின்னால் ஜெனரேட்டர் சத்தம், நம்ம பிள்ளைகளே சேர்ந்து நடத்திய இசைக்குழு. அப்படி ஒரு குழுவில் பதினைந்து வருசம் டிரம்ஸ் வாசித்தவர் நம்ம ஆலயத்துக்கு வந்து போய்க்கிட்டு இருந்த ஒரு ஐயா. பகலில் பால்வெட்டு, ராத்திரி டிரம்ஸ். ரெண்டு வருசத்துக்கு முன்னால் காலமானார். வீட்டை மகன் எடுத்துக் கட்டுறதால், அவர் மனைவி அந்த டிரம்ஸை ஒரு சின்ன லோரியில் ஏற்றி ஆலயத்துக்கு அனுப்பி வைத்தாங்க. "வித்து, வர்ற காச கும்பாபிஷேகத்துக்குப் போட்டுக்குங்க. அவரு பேரு மட்டும் ரசீதுல இருக்கட்டும்"னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. விலை எதுவும் சொல்லவில்லை.

வந்த சாமான்: ஒரு பெரிய பாஸ் டிரம், மேலே மாட்டும் டாம் ஒன்று, தரையில் மூன்று காலில் நிற்கும் ஃப்ளோர் டாம் ஒன்று, ஒரு ஸ்நேர். இது போக ஓர் அரிசி மூட்டை நிறைய துருப்பிடித்த கம்பி, ஸ்டாண்ட், திருகு. டிரம் மேலே நீலத்தில் மினுமினுக்கும் பிளாஸ்டிக் உறை. ஒவ்வொன்றிலும் சின்னத் தகடு, அதில் 'அப்போலோ' என்ற பெயர், கீழே 'மேட் இன் ஜப்பான்'.

அதைப் பார்த்ததும் எங்கள் தம்பி ஒருத்தன் கைபேசியில் 'ஜப்பான் பழைய டிரம்ஸ்' என்று தேடினான். எட்டாயிரம் கேட்டு ஒரு விளம்பரம் வந்தது. நீல டிரம்தான், ஜப்பான்தான். படத்தையும் விலையையும் அப்படியே குழுவில் போட்டுட்டான். நாங்களும் கைகூப்பிய பொம்மை போட்டு 'முருகா சரணம்'னு எழுதினோம். ஒருத்தரும் அந்த விளம்பரத்தை முழுசா படிக்கலை.

நகை உபயம் வந்தால் நாம் என்ன செய்வோம்? கொடுப்பவர் பத்துப் பவுன் என்றாலும் பத்தரை வந்து உரைகல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, அப்புறம்தான் ரசீது. டிரம்ஸுக்கு உரைகல் எங்கே இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதே அப்போ தெரியவில்லை.

பொருளாளர் அண்ணன்தான் முதலில் சந்தேகப்பட்டார். "எட்டாயிரம்னு கணக்குல எழுதச் சொல்றீங்க, நாளைக்கு எண்ணூறுக்குப் போனா மீதி யார் பைக்குப் போச்சுன்னு கேப்பாங்க." நியாயம்தானே. அதனால் ஈப்போவில் டிரம்ஸ் பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவரைத் தேடிப் பிடித்தோம். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். அவரே காரில் வந்தார், எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. வந்தவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு டாமின் தோலைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். மலாயில் அவர் சொன்னதன் சாரம்: பேட்ஜில் இருப்பது வித்தவன் பேரு, உள்ளே இருக்கிற மரம்தான் செஞ்சவன் பேரு.

அதற்கப்புறம் நாங்களும் உட்கார்ந்து படித்தோம். படிக்கப் படிக்க சுவாரசியம்.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தது. ரிங்கோ ஸ்டார் உட்கார்ந்து அடித்தது லட்விக் என்ற அமெரிக்க டிரம். அதற்குப் பிறகு ஊர் ஊருக்குப் பையன்கள் டிரம்ஸ் கேட்டார்கள். அமெரிக்க டிரம் விலைக்குச் சாதாரணக் குடும்பம் எங்கே போகும்? அந்த இடத்தை ஜப்பான் பிடித்தது. பேர்ல் கம்பெனி 1946-ல் தோக்கியோவில் யானகிசாவா என்பவர் தொடங்கியது. முதலில் செய்தது டிரம்ஸ் இல்லை, இசைக் குறிப்புத் தாள் வைக்கும் ஸ்டாண்ட். 1961-ல் சிபாவில் தொழிற்சாலை கட்டி, மலிவு டிரம்ஸ் செய்து, முப்பதுக்கும் மேற்பட்ட வியாபாரிகளின் பெயரில் ஏற்றுமதி செய்தார்கள். ஸ்டுவர்ட், மெஜெஸ்டிக், ஒயிட்ஹால், லைரா, கோரோனெட், நம்ம அப்போலோ, எல்லாம் அந்தப் பட்டியல்தான். நம்ம ஊரில் ஒரே மில் அரிசியை நாலு கடைக்காரர் நாலு பேர் போட்ட பையில் விற்பது மாதிரி. அப்போது ஒரு அமெரிக்க டாலருக்கு 360 யென். 1971 வரை அந்த விகிதம் அசையவில்லை. வெளியூர்க்காரனுக்கு ஜப்பான் சாமான் மலிவாகக் கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

மலிவு என்றால் மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் மலிவுச் சரக்குக்கும் உசத்திச் சரக்குக்கும் வித்தியாசம் உண்டு. அதே ஜப்பானிலிருந்து வந்த உசத்தி டிரம்ஸை இன்றைக்கும் உலகமெங்கும் தேடி வாங்குகிறார்கள். நகோயாவின் ஹோஷினோ கம்பெனி 1965-லிருந்து 'ஸ்டார்' என்ற பெயரில் செய்து வந்தது. 1974-ல் நல்ல தரத்தில் இறங்குவோம் என்று முடிவு செய்து 'தாமா' என்று பெயர் மாற்றினார்கள். முதலாளி குடும்பத்து அம்மாவின் பெயராம் அது, ஜப்பான் மொழியில் மணி, ரத்தினம் என்றும் பொருள். தாமாவின் சூப்பர்ஸ்டார், யமாஹாவின் ரெக்கார்டிங் கஸ்டம் இரண்டும் பிர்ச் மரத்தில் செய்தவை. ஸ்டீவ் காட் போன்ற பெரிய கலைஞர்கள் வாசித்த ரகம். எங்கள் தம்பி போட்ட விளம்பரத்தை இப்போது முழுசா படித்தோம். அது அந்த யமாஹா ரகம். அதிலும் எட்டாயிரம் என்பது ஆள் கேட்கிற விலை. எவ்வளவுக்குக் கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. விளம்பரம் எட்டு மாதமாக அங்கேயே கிடக்கிறது, அதிலிருந்தே ஊகிச்சுக்கலாம்.

நம்ம டிரம்மின் உள்ளே இருந்தது லுவான் ஒட்டுப்பலகை. வெளிறிய செம்பழுப்பு நிறம், கோடு கோடாக நுண்துளை. சுவர் மெல்லிசு, அது வளையாமல் இருக்க மேலும் கீழும் உள்ளே ஒரு மரவளையம் ஒட்டியிருக்கிறார்கள். 60களிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த மலிவு ஜப்பான் டிரம்மில் பெரும்பாலும் இதுதான். பிலிப்பைன்ஸில் லுவான், சபாவில் செராயா, நம்ம பக்கம் மெராந்தி, எல்லாம் ஒரே வகையறா. அந்தக் காலத்தில் ஜப்பான் ஒட்டுப்பலகைக்காக பிலிப்பைன்ஸிலிருந்தும் சபாவிலிருந்தும் கப்பல் கப்பலாக மரம் எடுத்தது. இந்த டிரம்மின் மரம் எந்தக் காட்டிலிருந்து போனது என்று சொல்ல முடியாது. நம்ம பக்கத்து மரமாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

நம்ம தவில் அண்ணன் அன்றைக்கு மாலைப் பூசைக்கு வந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர், டாமைக் கையில் எடுத்து விரலால் தட்டி, தோல் உட்காரும் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். அவர் தவில் ஒரே பலாக்கட்டையைக் குடைந்து செய்தது, ஒட்டே கிடையாது. "தகரம் மாதிரி இலேசா இருக்கேய்யா"ன்னு முதலில் சொன்னார். ரெண்டு தட்டு தட்டியபின், "ஆனா சத்தம் உருண்டு வருது, மோசமில்ல"ன்னார். விளிம்பு சீரா இருக்கான்னு பார்க்க அந்த ஈப்போ பெரியவர் ஒரு வழி காட்டினார். அலுவலக மேசையின் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் டிரம்மைக் கவிழ்த்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச்சை வைத்தோம். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் மேடு பள்ளம். டாமில் ரெண்டு இடத்தில் கசிந்தது. பாஸ் டிரம்மில் ஒரு பக்கம் நிலா வெளிச்சம் மாதிரி வந்தது.

ஸ்நேர் பளபளவென்று உலோகத்தில் இருந்ததால் எங்களுக்கு ஒரு கடைசி நம்பிக்கை. பித்தளை உடம்பாக இருந்தால் அது ஒன்றே தனியாக நல்ல விலை போகும் என்றார் அவர். பித்தளையில் காந்தம் ஒட்டாது. காந்தத்துக்கு எங்கே போவது? அலுவலக ஃபிரிட்ஜில் பத்துமலை முருகர் படம் போட்ட காந்தம் ஒன்று இருந்தது. அதை எடுக்கப் போனால் பொருளாளர் விடவில்லை. கேஸ் கடை காந்தத்தை எடுத்துக்கிட்டு வந்தோம். ஸ்நேர் பக்கம் கொண்டு போனதுமே டக்கென்று ஒட்டிக்கிச்சு. எஃகு.

உறையையும் பார்த்தோம். வெயில் பட்ட பக்கம் நீலம் வெளுத்து லேசாகப் பச்சை பாய்ந்திருக்கு. தகட்டுக்கு அடியில் மட்டும் பழைய நீலம் அப்படியே இருக்கு, பார்க்கவே ஆசையா இருந்துச்சு. வெளுப்பைக்கூட வாங்குபவர்கள் மன்னிப்பார்களாம். புதிதாக ஓட்டை போட்டிருந்தால், வேறு கம்பெனி பாகம் மாட்டியிருந்தால், உறையை உரித்திருந்தால் மன்னிக்க மாட்டார்கள். நல்லவேளை, ஓட்டை எதுவும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக்கால ஜப்பான் டிரம் சிலது அளவில் நூலளவு பெருசு. இன்றைக்குக் கடையில் வாங்கும் தோல் சிரமப்பட்டுத்தான் ஏறும், சிலவற்றில் ஏறவே ஏறாது. எங்கள் டாமுக்கு ஏறியது, ஃப்ளோர் டாமுக்கு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

இப்போது மன்னிப்புக்கு வருகிறோம்.

எல்லாம் பார்த்து முடித்த பெரியவர், "இரும்பு சாமான் எங்கே?" என்று கேட்டார். டாமைத் தாங்கும் கம்பி, பாஸ் டிரம் உருளாமல் ஊன்றும் கால்கள், வளையத்தைப் பிடிக்கும் நகம் மாதிரிக் கொக்கிகள், அதன் திருகுகள், சிம்பல் ஸ்டாண்ட், கால் பெடல். பழைய டிரம்முக்குப் பாதி உயிர் அதில்தான் இருக்காம். இன்றைக்கு அந்த அளவில் யாரும் செய்வதில்லை. வேறு டிரம்மை உடைத்துத்தான் எடுக்கணும்.

அரிசி மூட்டையைத் தேடினோம். காணோம்.

அதுக்கு முந்தின வாரம் ஸ்டோர் துப்புரவு. பழைய பந்தல் கம்பியோடு அந்த மூட்டையையும் எங்கள் பிள்ளைகள் லோரியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிட்டாங்க. பொருளாளர் கோப்பில் ரசீது பத்திரமா இருக்கு: மூட்டை 14 கிலோ, கிலோ 80 காசு, மொத்தம் ரி.ம. 11.20. எட்டாயிரம் எட்டாயிரம் என்று குழுவில் எழுதிக்கொண்டிருந்த அதே நாளில், அதன் பாதி உயிரை நாங்களே பதினொரு வெள்ளி இருபது காசுக்கு வித்திருக்கோம்.

அன்றைக்கே ஆறு பேர் அந்தக் கடைக்குப் போனோம். முதலாளி நல்ல மனுசர், குவியலைக் காட்டி "தேடுங்க"ன்னுட்டார். நாலு மணி நேரம் கிண்டினோம். ஒருத்தருக்குக் கையில் தையல் போட வேண்டியதாச்சு. டாம் கம்பி கிடைத்தது. பாஸ் டிரம் கால் ரெண்டும் கிடைத்தது. கொக்கி பதினாறில் ஒன்பது. ஒரு சிம்பல் ஸ்டாண்ட். பெடல் கிடைக்கவில்லை.

முழு செட்டாக, இரும்பு சாமானோடு வந்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிவரைக்கும் கேட்கலாம் என்றார் பெரியவர். இப்போதைய நிலையில் எழுநூறிலிருந்து எண்ணூறு. அவர் சொன்ன விலையை மட்டும் நம்பாமல், இதே மாதிரி அப்போலோ, ஸ்டுவர்ட் பேட்ஜ் போட்ட நாலு செட், கேட்ட விலை இல்லை, விற்று முடிந்த விலை, தேடிப் பார்த்தோம். கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. இடையில் ஒரு வியாபாரி வந்து, "பேர் இல்லாத சாமான், 250 வெள்ளி, இப்பவே தூக்கிக்கிறேன்"னார். பேர் இல்லாத சாமானைத் தூக்க ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டு அனுப்பி வைத்தோம்.

அப்புறம் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நேரில் போகணும்னு தோணுச்சு. மூன்று பேர் போனோம், யார் பேசுவது என்று வழியெல்லாம் தகராறு.

எட்டாயிரம் இல்லைங்கம்மா, எழுநூறு எண்ணூறுதான் போகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவங்க சிரிச்சிட்டாங்க. "எட்டாயிரம்னு நானாய்யா சொன்னேன்? உங்க வாட்சாப்புதானே சொன்னிச்சு. அது வாங்கினது ஈப்போல, தவணைக்கு. முன்பணம் கட்ட என் சங்கிலிய அடகு வச்சாரு. மூணு திருவிழா வாசிச்சுத்தான் மீட்டாரு. அதுக்குன்னு இன்னிக்கு ஒரு வில இருக்கா என்ன?"ன்னு சொல்லிட்டு, டீ கலக்க உள்ளே போனாங்க.

மன்னிச்சிருவாங்கன்னு மூச்சு விட்டோம். டீயைக் கொடுக்கும்போது கேட்டாங்க. "பெடல் பத்திரமா இருக்கா? அத மட்டும் யார் வாங்குறாங்கன்னு சொல்லுங்க. அவர் காலு பட்ட எடம்."

சொன்னோம். மூட்டை, லோரி, 11.20, எல்லாத்தையும் சொன்னோம். அவங்க எதுவும் திட்டலை. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். டம்ளரைத் துடைச்சிக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம், "பசியாறிட்டுப் போங்க, தோசை ஊத்துறேன்"ன்னாங்க. எங்களால் சாப்பிட முடியவில்லை. சாப்பிடாமல் எழுந்திருக்கவும் முடியவில்லை.

இதனால் பக்தர்களுக்குத் தெரிவிப்பது: கும்பாபிஷேகக் கணக்கில் எட்டாயிரம் என்று எதுவும் ஏறவில்லை. டிரம்ஸ் உபயம் ஐயாவின் பெயரில், விற்ற அன்று விற்ற தொகைக்கே ரசீது போடப்படும். அந்த 11.20-ம் அவர் பெயருக்கே மாற்றி எழுதியாச்சு. வாங்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் பார்க்கலாம். கசியும் விளிம்பு, காணாத ஏழு கொக்கி, எஃகு ஸ்நேர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டிரம் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். காந்தமும் டார்ச்சும் பக்கத்தில் இருக்கும், நீங்களே சோதிச்சுக்கலாம். தயவுசெய்து யாரும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். ஏற்கனவே ஒரு தம்பி குத்துவிளக்கு என்று நினைத்து ஒரு தகட்டைத் தேய்த்து எழுத்தை மங்கடிச்சிட்டான். குரோம் துருவுக்கு அன்னதானப் பொட்டலம் கட்டும் வெள்ளித்தாளைத் தண்ணியில் நனைத்து மெதுவா துடைச்சா போதும், அதை நாங்களே செஞ்சிட்டோம்.

பெடலைப் பற்றி. அம்மா சொன்ன அடையாளம் இது. ஒத்தைப் பெடல். மிதிக்கும் இரும்புத் தட்டின் மேல் கால் வழுக்காமல் இருக்க ஒரு துண்டு கித்தா ஷீட் வெட்டிப் போட்டு, கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கும். தோல் பட்டை அறுந்துபோனதால் அந்த இடத்தில் சைக்கிள் செயின் போட்டிருக்கார். அடிக்கும் உருண்டை வெள்ளைப் பஞ்சு, ஒரு பக்கம் கருத்திருக்கும். பழைய இரும்புக் கடைகளிலோ, ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையிலோ, யார் வீட்டு ஸ்டோரிலோ கண்ணில் பட்டால், விலை பேசிக்கிட்டு நிக்காதீங்க. கேட்ட காசைக் கொடுத்து வாங்கிட்டு ஆலய அலுவலகத்தில் சொல்லுங்க. ஆலயக் காசு இல்லை, நாங்க ஆறு பேர் எங்க கையிலிருந்து தர்றோம்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டூழியர்கள்